பெட் ஸ்கேனில் ஒளிராத கல்லீரல் புற்று

பெட் ஸ்கேன் அறிக்கையில் கல்லீரலுக்கென்று பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான் இருக்கும்: ‘கல்லீரலில் அசாதாரண ஈர்ப்பு ஏதும் தென்படவில்லை.’ செலுத்திய மருந்து அங்கே அளவுமீறிச் சேரவில்லை என்று பொருள். வீட்டில் எல்லாரும் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். நிணநீர்ப் புற்றுக்கோ நுரையீரல் புற்றுக்கோ எடுத்த ஸ்கேன் என்றால் அந்த நிம்மதிக்கு நல்ல அடிப்படை உண்டு. நாள்பட்ட ஹெப்படைட்டிஸ் பி உள்ளவருக்கோ, கல்லீரல் தழும்பேறி இறுகிய சிரோசிஸ் நோயாளிக்கோ எடுத்த ஸ்கேன் என்றால் கதை வேறு. கல்லீரல் உயிரணுக்களிலிருந்தே கிளம்பும் புற்றில், வழக்கமான பெட் ஸ்கேன் கண்டுபிடிப்பது ஏறத்தாழ 50 முதல் 65 விழுக்காடுதான். மிச்சம் படத்தில் ஒளிராமல் போய்விடும்.

இயந்திரத்திலோ படம் பார்க்கும் மருத்துவரிடமோ குறை இருப்பதால் இப்படி நடப்பதில்லை. கல்லீரல் செய்யும் வேலையே இதற்குக் காரணம். அதைப் புரிந்துகொண்டால், கதிரியக்க மருந்து செலுத்தி எடுக்கும் அணுமருத்துவப் படங்களில் எதை எப்போது கேட்க வேண்டும், எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பது தெளிவாகிவிடும்.

சர்க்கரை ஏன் தங்குவதில்லை

பெட் ஸ்கேன் என்று பொதுவாகச் சொல்வது எஃப்டிஜி என்னும் மருந்தைக் கொண்டு எடுப்பது. குளுக்கோஸ் மூலக்கூறில் ஓர் இடத்தில் ஃபுளோரின்-18 என்ற கதிரியக்க அணுவைப் பொருத்தினால் அது எஃப்டிஜி. உடல் அதைச் சர்க்கரை என்று எண்ணி உயிரணுக்களுக்குள் எடுத்துக்கொள்ளும். உள்ளே போனதும் ஹெக்ஸோகைனேஸ் என்ற நொதி அதன்மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடும். உண்மையான குளுக்கோஸ் அடுத்த கட்ட வேதிவினைக்குப் போகும். எஃப்டிஜியால் போக முடியாது. பாஸ்பேட் ஒட்டியிருக்கும்வரை அதனால் வெளியேறவும் முடியாது. உள்ளேயே சிக்கிக்கொள்ளும். புற்று உயிரணுக்கள் சர்க்கரையை அள்ளி விழுங்குவதால் அங்கே நிறையச் சேரும், படத்தில் ஒளிரும்.

மூளைக்கும் நுரையீரலுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். கல்லீரலுக்குப் பொருந்தாது. இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவே இரத்தத்துக்குச் சர்க்கரையை விடுவிப்பது கல்லீரலின் வேலை. அதற்காகவே ஒட்டிய பாஸ்பேட்டைக் கழற்றிவிடும் குளுக்கோஸ்-6-பாஸ்பட்டேஸ் என்ற நொதியை அது நிறைய வைத்திருக்கிறது. பூட்டிய கதவைத் திறக்கும் சாவி அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. எஃப்டிஜி உள்ளே வரும், சற்று நேரத்தில் வெளியே போய்விடும்.

தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்பார்கள். நன்கு வேறுபாடடைந்த கல்லீரல் புற்று, அதாவது தான் பிறந்த உயிரணுவின் சாயலை இன்னும் விடாமல் வைத்திருக்கும் புற்று, அந்தச் சாவியையும் வைத்திருக்கிறது. சுற்றியுள்ள நல்ல கல்லீரலைப் போலவே அதுவும் எஃப்டிஜியை உள்ளே விட்டு வெளியே அனுப்புகிறது. படத்தில் இரண்டும் ஒரே சாம்பல் நிறம். புற்று மூர்க்கமாகி, தாயின் சாயலை இழக்க இழக்க, அந்த நொதி குறைந்து எஃப்டிஜி தங்கத் தொடங்கும். ஆகவே கல்லீரலில் எஃப்டிஜி பளிச்சென ஒளிர்ந்தால் அது பெரும்பாலும் முரட்டுப் புற்று. கல்லீரல் புற்றுக்கு அடையாளமாகப் பார்க்கும் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் என்ற புரதம் இரத்தத்தில் உயர்ந்தவர்களிடமும் பெரிய கட்டி உள்ளவர்களிடமும் அப்படி ஒளிர்வதற்கு வாய்ப்பு அதிகம். எளிதாகக் குணப்படுத்தக்கூடிய சின்னஞ்சிறு புற்றுதான் நழுவிவிடுகிறது. எனவே கண்காணிப்புக்காகப் பெட் ஸ்கேன் எடுப்பது, எதைப் பிடிக்க வேண்டுமோ அதைக் கோட்டை விடுவதற்கே வழி. உடல்நலப் பரிசோதனைத் தொகுப்பில் பெட் ஸ்கேனையும் சேர்த்துக்கொண்டால் கல்லீரலுக்கும் பாதுகாப்பு என்று நினைத்துப் பணம் கட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு தடை, பின்னணி ஒளி. நலமான கல்லீரலே மிதமாக ஒளிரும். ஈர்ப்பை அளக்க எஸ்யூவி என்ற எண்ணைப் பயன்படுத்துகிறார்கள். ஓரிடத்தில் உள்ள கதிரியக்கச் செறிவை, செலுத்திய மருந்து உடல் முழுக்கச் சமமாகப் பரவியிருந்தால் இருக்கக்கூடிய செறிவால் வகுத்தால் கிடைப்பது அது. நல்ல கல்லீரலில் அது சுமார் 2 முதல் 3 வரை நிற்கும். மற்ற உறுப்புகளின் கட்டிகளை ‘கல்லீரலைவிட அதிகமா, குறைவா’ என்று ஒப்பிடும் அளவுகோலாகவே கல்லீரலை வைத்திருக்கிறார்கள். அளவுகோலுக்குள்ளேயே ஒரு புள்ளியைத் தேடுவது எவ்வளவு சிரமம் என்று எண்ணிப் பாருங்கள். 8 மில்லிமீட்டருக்கும் சிறிய கட்டி என்றால், கேமராவின் கூர்மைக்கு எட்டாமல் அதன் ஒளி சுற்றிலும் கசிந்து மங்கிவிடும்.

முதலில் எடுக்க வேண்டிய படம் எது

சிங்கப்பூரில் 1987 முதல் பிறந்த குழந்தைகள் எல்லாருக்கும் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போடப்படுகிறது. கிருமி உள்ள தாய்மார்களின் குழந்தைகளுக்கு அதற்கு இரண்டாண்டு முன்பே தொடங்கிவிட்டார்கள். அதனால் இளையவர்களிடம் கிருமி வெகுவாகக் குறைந்துவிட்டது. நடுவயதைத் தாண்டியவர்களிடமும், தடுப்பூசி போடாத நாடுகளில் வளர்ந்து இங்கே வேலைக்கு வந்தவர்களிடமும் அது இன்னும் இருக்கிறது. நம் இந்தியச் சமூகத்தில் வேறொரு கவலையும் உண்டு. நீரிழிவும் தொப்பையும் கொழுப்பேறிய கல்லீரலும் கைகோத்து வருகின்றன. அந்த வழியிலும் சிரோசிஸ் வரும், புற்றும் வரும். மதுவைத் தொடாதவருக்கும் இது பொருந்தும்.

இந்த ஆபத்து உள்ளவர்களுக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட், கூடவே ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் இரத்தப் பரிசோதனை. சிரோசிஸ் உள்ள எல்லாருக்கும், ஹெப்படைட்டிஸ் பி உள்ள ஆசிய ஆண்களுக்கு 40 வயதிலிருந்தும் பெண்களுக்கு 50 வயதிலிருந்தும் இதைச் செய்யச் சொல்கிறார்கள். கொழுப்பேறிய கல்லீரலில் அல்ட்ராசவுண்ட் அலை ஆழமாக ஊடுருவாது என்பது அதன் பலவீனம். ‘சரியாகப் பார்க்க முடியவில்லை’ என்று அறிக்கையில் எழுதியிருந்தால் அதைப் ‘புற்று இல்லை’ என்று படிக்காதீர்கள். அடுத்த படி என்ன என்று கேளுங்கள்.

அல்ட்ராசவுண்டில் 1 செ.மீ.க்கு மேல் ஏதாவது தென்பட்டால், அடுத்தது பல கட்ட சிடி அல்லது எம்ஆர்ஐ. இங்கே கல்லீரலின் இரட்டை இரத்த ஓட்டம் கைகொடுக்கிறது. நல்ல கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் சுமார் 75 விழுக்காடு குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருகிறது, 25 விழுக்காடுதான் தமனி வழியாக. கல்லீரல் புற்றோ பெரும்பாலும் தமனியையே நம்பி வாழ்கிறது. இரத்த ஓட்டத்தைப் படத்தில் எடுத்துக்காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து தமனிக் கட்டத்தில் வந்து சேரும்போது புற்று முந்திக்கொண்டு ஒளிரும். சிரைக் கட்டத்தில் சுற்றியுள்ள கல்லீரல் ஒளிரும்போது அது மங்கிப்போகும். ஆபத்துள்ள நோயாளியிடம் இந்த இரண்டு அடையாளமும் சேர்ந்து தெரிந்தால், ஊசி குத்திச் சதை எடுக்காமலேயே புற்று என்று உறுதிசெய்யலாம். பிற உறுப்புப் புற்றுகளில் பெரும்பாலும் கிடைக்காத சலுகை இது.

அப்படியென்றால் அணுமருத்துவம் எதற்கு? புற்று ஏற்கெனவே வெளியே பரவிவிட்டதா என்று பார்ப்பதற்கு. அறுவைக்கும் மாற்றுக் கல்லீரலுக்கும் முன்னால் அதன் குணம் எவ்வளவு முரட்டுத்தனமானது என்று அறிவதற்கு. எம்ஆர்ஐ தடுமாறும் இடத்தில் இரண்டாவது சான்றாக நிற்பதற்கு. அதோடு, கதிர்வீச்சு மணிகளைக் கல்லீரலுக்குள் செலுத்தும் சிகிச்சைக்கு வழி பார்ப்பதற்கு. கடைசி வேலையில் அதற்கு ஈடு வேறில்லை.

பரவலைப் பார்ப்பதில் எஃப்டிஜி நன்றாகவே உதவும். நுரையீரல், எலும்பு, நிணநீர்க் கணு, அட்ரீனல் சுரப்பி ஆகியவை கல்லீரல் புற்று தாவும் வழக்கமான இடங்கள். அங்கெல்லாம் பின்னணி ஒளி குறைவு. தாவிச் செல்லும் புற்றும் பெரும்பாலும் முரடாகவே இருக்கும். மாற்றுக் கல்லீரலுக்குக் காத்திருப்பவரின் கட்டி எஃப்டிஜியில் ஒளிர்ந்தால், அது நுண்ணிய இரத்தக் குழாய்களுக்குள் ஊடுருவியிருக்கவும், அறுவைக்குப் பிறகு திரும்பி வரவும் வாய்ப்பு அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. இங்கே ஒளிர்வது கண்டுபிடிப்புக்கு அல்ல, எச்சரிக்கைக்குப் பயன்படுகிறது.

வேறு இடத்திலிருந்து கல்லீரலுக்கு வந்த புற்றுக்கு விதி தலைகீழ். பெருங்குடல் புற்று கல்லீரலில் விதைத்த கட்டிகளுக்குத் தாய் குடல் உயிரணு. அந்தச் சாவி அவற்றிடம் இல்லை. எஃப்டிஜி நன்றாகவே ஒளிரும். அதிலும் விலக்கு உண்டு: கோழை நிறைந்த வகைக் கட்டியில் உயிரணுக்கள் குறைவு என்பதால் மங்கலாகத் தெரியும், கீமோ முடிந்த சில வாரங்களுக்குள் எடுத்தாலும் கட்டி உயிரோடு இருந்தும் ஒளி அடங்கியிருக்கலாம். நரம்பு நாளமில்லாச் சுரப்பிக் கட்டிகள் கல்லீரலுக்குப் பரவியிருந்தால் எஃப்டிஜியைவிட கேலியம்-68 டோட்டாடேட் பொருத்தம். அவற்றின் மேற்பரப்பில் உள்ள சொமாட்டோஸ்டாட்டின் ஏற்பிகளை அது தேடிப் பிடிக்கிறது.

சாங்கியிலிருந்து ஜூரோங்குக்குள் கரைந்துவிடும் மருந்து

எஃப்டிஜி நழுவவிடும் புற்றைப் பிடிக்க வேறு மருந்துகள் இல்லையா? உண்டு. கார்பன்-11 அசிட்டேட் அவற்றில் நன்கு ஆராயப்பட்டது. கொழுப்பை உருவாக்கும் வேதிப்பாதையில் அசிட்டேட் நுழைகிறது; நன்கு வேறுபாடடைந்த கல்லீரல் புற்று அந்தப் பாதையை மும்முரமாக நடத்துகிறது. ஆக, எஃப்டிஜி எதைக் கோட்டை விடுகிறதோ அதை அசிட்டேட் பிடிக்கும். அசிட்டேட் தடுமாறும் முரட்டுப் புற்றை எஃப்டிஜி பிடிக்கும். 2003-இல் ஹாங்காங்கிலிருந்து வெளிவந்த ஆய்வில் எஃப்டிஜி சுமார் 47 விழுக்காடு, அசிட்டேட் 87 விழுக்காடு, இரண்டும் சேர்ந்து எல்லாக் கட்டிகளையும் காட்டின. 2008-இல் கொரியாவில் இன்னும் அதிகமான நோயாளிகளிடம் பார்த்தபோது எண்கள் தரையிறங்கின: எஃப்டிஜி 61, அசிட்டேட் 75, இரண்டும் சேர்ந்து 83 விழுக்காடு. சிறிய கட்டிகளில் இரண்டுமே திணறின. முதல் ஆய்வின் மயக்கத்தில் இரண்டாவதை மறந்துவிடக் கூடாது.

நடைமுறைச் சிக்கல் அரை ஆயுளில் இருக்கிறது. கார்பன்-11 சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும். தீவின் கிழக்கே சாங்கியில் தயாரித்து மேற்கே ஜூரோங்குக்குக் கொண்டுபோக 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம்: போய்ச் சேரும்போது கால் பங்குதான் மிச்சம். தயாரித்துத் தரம் பார்க்கும் நேரம் தனி. ஃபுளோரின்-18-க்கு அரை ஆயுள் 110 நிமிடம்; அதே பயணத்தில் 78 விழுக்காடு மிஞ்சும். அதனால்தான் எஃப்டிஜியை ஒரே இடத்தில் தயாரித்துத் தீவெங்கும் வண்டியில் அனுப்ப முடிகிறது. அசிட்டேட்டுக்கோ, கதிரியக்க அணுக்களை உருவாக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் அதே கட்டடத்தில் வேண்டும். இந்த இடைஞ்சலைத் தாண்ட ஃபுளோரின்-18 பொருத்திய கோலின் பயன்படுகிறது. உயிரணுச் சவ்வைக் கட்டும் பொருள் அது. நன்கு வேறுபாடடைந்த புற்றில் தங்கும். எனினும் அசிட்டேட்டும் கோலினும் எஃப்என்எச் எனப்படும் தீங்கற்ற முடிச்சிலும் ஒளிரும். ஒளிர்வதெல்லாம் புற்று ஆகாது.

புதிதாகப் பேசப்படுபவை இரண்டு. புராஸ்டேட் புற்றுக்காக உருவான பிஎஸ்எம்ஏ என்ற ஸ்கேன் மருந்து, கல்லீரல் புற்றின் புதிய இரத்தக் குழாய்களிலும் ஒட்டிக்கொள்கிறது. எஃப்ஏபிஐ என்ற மற்றொரு மருந்து, கட்டியைச் சுற்றி நார்த்திசு நெய்யும் உயிரணுக்களைத் தேடுகிறது. நலமான கல்லீரலில் பின்னணி ஒளி மிகக் குறைவு என்பது அதன் பெரும்பலம். ஆனால் சிரோசிஸ் என்பதே நார்த்திசு ஏறிய நிலை. எந்த நோயாளிக்கு அது அதிகம் தேவையோ, அவருடைய கல்லீரலிலேயே பின்னணி ஒளி ஏறிவிடுகிறது. இவற்றில் நம்பிக்கை இருக்கிறது. சிடி, எம்ஆர்ஐயின் இடத்தை இவை இன்னும் பிடித்துவிடவில்லை.

ஸ்கேன் நாளில் கெடுபவை

ஈர்ப்பு அளவைக் கெடுப்பதில் முதலிடம் இரத்தச் சர்க்கரைக்கு. 6 மணி நேரம் வெறும் தண்ணீர் மட்டும். கோப்பி ஓ கோசோங்கில் சீனி இல்லையே என்று சிலர் குடித்துவிடுவார்கள், வேண்டாம். சூயிங் கம், இருமல் மிட்டாய், கோயில் பிரசாதம் எல்லாமே கணக்கில் சேரும். ஊசி போடுமுன் விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்ப்பார்கள். லிட்டருக்கு 11 மில்லிமோலுக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் நாளைத் தள்ளிவைப்பார்கள். உண்மையான குளுக்கோஸ் நெரிசலில் எஃப்டிஜிக்கு உயிரணுவுக்குள் இடம் கிடைக்காது, கட்டி மங்கிவிடும்.

சர்க்கரையைக் குறைக்க அவசரமாக இன்சுலின் போட்டுக்கொண்டு வருவது அதைவிட மோசம். இன்சுலின் எஃப்டிஜியைத் தசைக்குள் தள்ளும்; படத்தில் தோள், தொடை, இதயம் எல்லாம் பளபளக்க, கட்டிக்கு மிச்சம் இல்லாமல் போகும். விரைவாக வேலை செய்யும் இன்சுலினுக்கும் எஃப்டிஜி ஊசிக்கும் இடையே குறைந்தது 4 மணி நேரம் விட வேண்டும். நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மின் குடலை ஒளிரவைக்கும். பெருங்குடலின் ஒரு வளைவு கல்லீரலின் அடியிலேயே போவதால், குடல் ஒளி கல்லீரலின் கீழ் விளிம்பை மறைக்கக்கூடும். 48 மணி நேரம் நிறுத்தச் சொல்வது இதற்காகத்தான். ஆனால் சொந்தமாக நிறுத்தாதீர்கள்; பலதுறை மருந்தக மருத்துவரிடமோ ஸ்கேன் பிரிவிலோ கேட்டுச் செய்யுங்கள்.

முந்திய நாள் கடும் உடற்பயிற்சி கூடாது. தைப்பூசத்தன்று காவடியெடுத்துப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை நடந்தவர், மறுநாள் காலை ஸ்கேனுக்குப் போனால் கால் தசையெல்லாம் ஒளிரும். நாளை மாற்றிக்கொள்வதே நல்லது. குளிரும் ஒரு சிக்கல். காத்திருப்பு அறையின் குளிர்சாதனத்தில் நடுங்கினால் கழுத்திலும் தோளிலும் உள்ள பழுப்புக் கொழுப்பு வெப்பம் உண்டாக்க எஃப்டிஜியை உறிஞ்சும். தாதியிடம் போர்வை கேட்கத் தயங்க வேண்டாம்.

செலுத்தும் எஃப்டிஜியின் அளவு பொதுவாக ஒரு கிலோ எடைக்கு 3 முதல் 5 மெகாபெக்கரெல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு). 60 கிலோ உள்ளவருக்கு 4 வீதம் 240 மெகாபெக்கரெல்; அதிலிருந்து உடலுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 4.6 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சின் அலகு), கூட எடுக்கும் சிடியின் அளவு இதோடு சேரும். மருந்து சிரைக்கு வெளியே கசிந்தால் கை மட்டும் ஒளிரும், எஸ்யூவி தவறாகக் குறையும். ஊசி போடும்போது எரிச்சலோ வீக்கமோ தெரிந்தால் உடனே சொல்லுங்கள். பிறகு 60 நிமிடம் அசையாமல் ஓய்வு. சிறுநீர் கழித்துவிட்டு மேசையில் படுத்தால் 15 முதல் 25 நிமிடத்தில் முடியும்.

படுத்திருக்கும்போது மூச்சைச் சாதாரணமாக விடச் சொல்வார்கள். அது கல்லீரலுக்கு மிக முக்கியம். சிடி சில நொடிகளில் முடிகிறது. பெட் ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் எடுக்கிறது, அதற்குள் உதரவிதானம் எத்தனையோ முறை ஏறி இறங்கிவிடும். சிடியின்போது ஆழ்ந்து மூச்சிழுத்துப் பிடித்துவிட்டால், சிடி படத்தில் கல்லீரல் கீழே போயிருக்கும், பெட் படத்தில் மேலே இருக்கும். இரண்டையும் ஒட்டும்போது கல்லீரலின் உச்சியில் உள்ள கட்டி, வலது நுரையீரலின் அடியில் இருப்பதுபோல் தெரியும். கல்லீரலுக்குள்ளேயே இருக்கும் நோய், நுரையீரலுக்குப் பரவிவிட்டதாகத் தப்புக்கணக்கு ஆகிவிடும் ஆபத்து. கவனமுள்ள மருத்துவர் ஒட்டாத, திருத்தாத மூலப் படத்தையும் எடுத்துப் பார்ப்பார்.

பிறகு, புற்றல்லாத ஒளி. சிங்கப்பூரில், அதிலும் நீரிழிவுக்காரர்களிடம், கிளெப்சியெல்லா கிருமியால் வரும் கல்லீரல் சீழ்க்கட்டியை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். அதன் விளிம்பு எஃப்டிஜியில் புற்றைப் போலவே எரியும். காசநோய்க் கட்டி, பித்தநாள அழற்சி, பித்தநாளத்தில் வைத்த ஸ்டென்ட், ரேடியோ அலையால் சுட்ட இடத்தைச் சுற்றிய வளையம் எல்லாமே ஒளிரும். காய்ச்சல் இருந்ததா, எந்தத் தேதியில் என்ன சிகிச்சை நடந்தது என்பதைப் படிவத்தில் எழுதாமல் விட்டால், படம் பார்ப்பவர் இருட்டில் தேட வேண்டியிருக்கும்.

காமா கேமரா செய்யும் வேலை

பெட் ஸ்கேன் பெயர் வாங்கிக்கொண்டாலும், கல்லீரலில் நெடுநாள் உழைத்தது, காமா கேமராவால் படமெடுக்கும் கதிரியக்கப் பொருளான டெக்னீசியம்-99எம். அரை ஆயுள் 6 மணி நேரம். அணு உலையில் உருவாகி டெக்னீசியமாகச் சிதையும் மாலிப்டினம்-99 நிரப்பிய ஜெனரேட்டரிலிருந்து தினமும் உப்புக் கரைசலால் கறந்தெடுக்கிறார்கள். மாலிப்டினத்தின் அரை ஆயுள் 66 மணி நேரம் என்பதால் ஜெனரேட்டரைப் பெட்டியில் வைத்துச் சேமிக்க முடியாது. சிங்கப்பூரில் அணு உலை இல்லாததால் வெளிநாட்டிலிருந்து தவறாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். 2009, 2010-இல் கனடாவிலும் நெதர்லாந்திலும் பழைய உலைகள் நின்றபோது உலகெங்கும் ஸ்கேன்கள் தள்ளிப்போனது இதனால்தான்.

நோயாளியின் சொந்தச் சிவப்பணுக்களில் டெக்னீசியத்தை ஏற்றித் திரும்பச் செலுத்தினால், இரத்தம் தேங்கிய தீங்கற்ற கட்டியான ஹெமாஞ்சியோமா ஒன்றிரண்டு மணி நேரத்தில் நிறைந்து ஒளிரும். 2 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டிக்கு இது நம்பகமானது. எம்ஆர்ஐ எடுக்க முடியாதவர்களுக்கு இன்றும் உதவுகிறது.

விரிவாகச் சொல்ல வேண்டியது யிட்ரியம்-90 சிகிச்சைக்கு முந்திய ஒத்திகையைத்தான். புற்று தமனியை நம்பியிருப்பதால், தமனி வழியாக லட்சக்கணக்கான கதிரியக்க மணிகளை அனுப்பினால் அவை புற்றிலேயே போய் அடைத்துக்கொள்ளும். யிட்ரியத்தின் பீட்டா துகள் சராசரியாக 2.5 மில்லிமீட்டர்தான் பாயும். பக்கத்துக் கல்லீரல் பெரும்பாலும் தப்பிக்கும். ஆனால் புற்றுக்குள் தமனியும் சிரையும் குறுக்கே இணைந்திருந்தால் மணிகள் இதயம் வழியாக நுரையீரலுக்குப் போய்விடும். ஒரு கிளை இரைப்பைக்குப் போனால் ஆறாத புண் வரும்.

எனவே முதலில் ஒத்திகை. தொடையிலோ மணிக்கட்டிலோ தமனி வழியே குழாயைச் செலுத்தி, இரைப்பைக்குப் போகும் கிளைகள் ஆபத்தாகத் தெரிந்தால் சிறு சுருள்களால் அடைக்கிறார்கள். பிறகு மணிகளுக்குப் பதிலாக டெக்னீசியம் ஏற்றிய ஆல்புமின் என்ற புரதத் துகள்களைச் செலுத்துகிறார்கள். 10 முதல் 90 மைக்ரான் அளவு, சுமார் 150 முதல் 185 மெகாபெக்கரெல். உடனே காமா கேமரா. நுரையீரலின் எண்ணிக்கையை, நுரையீரலும் கல்லீரலும் சேர்ந்த எண்ணிக்கையால் வகுத்தால் எத்தனை பங்கு கசிகிறது என்பது தெரியும். ரெசின் மணிகளுக்கு 20 விழுக்காட்டைத் தாண்டினால் சிகிச்சை இல்லை. நுரையீரலுக்கு ஒரு தடவைக்கு 30 கிரே (திசு உறிஞ்சும் கதிர்வீச்சின் அலகு), மொத்தமாக 50 கிரே என்பது வழக்கமான உச்சவரம்பு.

‘உடனே’ என்ற சொல்லில்தான் சூட்சுமம். ஸ்கேன் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் டெக்னீசியம் ஆல்புமினிலிருந்து கழன்று இரத்தத்தில் சுற்றி இரைப்பைச் சுவரில் சேரும். அதைப் பார்த்து, மணிகள் இரைப்பைக்குப் போகும் என்று நினைத்துச் சிகிச்சையையே கைவிடக்கூடும். அப்போது கழுத்தைப் பார்க்க வேண்டும். தைராய்டும் சேர்ந்து ஒளிர்ந்தால் அது கழன்ற டெக்னீசியம். தைராய்டு இருண்டிருக்க இரைப்பை மட்டும் ஒளிர்ந்தால் அது உண்மையான கசிவு. தைராய்டும் இரைப்பையும் டெக்னீசியத்தை ஈர்ப்பதைத் தடுக்கும் பெர்குளோரேட் மருந்தை முன்கூட்டியே கொடுத்தால் இந்தக் குழப்பம் பெரிதும் குறையும்.

இந்தச் சிகிச்சையின் வரலாற்றில் சிங்கப்பூருக்கு ஓர் இடம் உண்டு. இங்குள்ள கல்லீரல் அறுவை மருத்துவர் பியர்ஸ் சௌ தலைமையில் ஆசிய பசிபிக் நாடுகளின் 360 நோயாளிகளிடம் நடந்த சர்வ்நிப் ஆய்வு, யிட்ரியம் ரெசின் மணிகளையும் சோராஃபெனிப் மாத்திரையையும் ஒப்பிட்டது. 2018-இல் முடிவு வெளியானது: நடுநிலை ஆயுள் (பாதிப்பேர் அதைத் தாண்டி வாழ்ந்த காலம்) மணிகளுக்கு 8.8 மாதம், மாத்திரைக்கு 10 மாதம், புள்ளியியல்படி வேறுபாடு இல்லை. கடும் பக்கவிளைவு மணிகளில் குறைவு. ஆயுளைக் கூட்டவில்லை என்று பலர் சோர்ந்தார்கள். 2021-இல் பிரான்சிலிருந்து வந்த டோசிஸ்ஃபியர் ஆய்வு காட்சியை மாற்றியது. அதில் 60 பேர்தான். கண்ணாடி மணிகளின் அளவை எல்லாருக்கும் ஒரே கணக்கில் தராமல், ஆல்புமின் படத்தைக் கொண்டு ஒவ்வொருவரின் கட்டிக்கும் குறைந்தது 205 கிரே சேரும்படி கணக்கிட்டபோது நடுநிலை ஆயுள் 10.7 மாதத்திலிருந்து 26.6 மாதமாக உயர்ந்தது. சிறிய ஆய்வு, நோயாளிகளும் வேறு வகை என்பதால் இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது. எனினும் ஒன்று தெளிவு: அளவைப் படத்தைப் பார்த்துக் கணக்கிடும்போது சிகிச்சையின் பலனே மாறுகிறது.

சிகிச்சைக்குப் பிறகு மணிகள் போய்ச் சேர்ந்த இடத்தையும் படமெடுக்கலாம். யிட்ரியம்-90 பத்து லட்சம் முறை சிதைந்தால் சுமார் 32 முறைதான் பெட் கேமராவுக்குத் தேவையான பாசிட்ரான் என்ற துகள் வரும். அந்தச் சொற்பமும் படமெடுக்கப் போதும், நேரம்தான் கூடுதலாகும்.

வீடு திரும்பியபின் செய்ய வேண்டியவை குறைவு. எஃப்டிஜி 18 மணி நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். எம்ஆர்டியில் போகலாம், அன்று மாலைவரை கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளாமலும் கர்ப்பிணியின் அருகே அதிக நேரம் உட்காராமலும் இருந்தால் போதும். தாய்ப்பால் கொடுப்பவர் ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ஓரிரு நாளில் விமானப் பயணம் இருந்தால் மருத்துவமனைக் கடிதத்தைக் கையில் வைத்திருங்கள். கதிர்வீச்சு உணர்கருவிகள் மிகக் குறைந்த அளவையும் பிடித்துவிடும்.

செலவைப் பொறுத்தவரை மெடிசேவ் மருத்துவச் சேமிப்பிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு ஆண்டு வரம்பு உண்டு. நாள் குறிக்கும்போதே கட்டணப் பிரிவில் கேளுங்கள். அப்போதே இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: எந்த மருந்தைக் கொண்டு எடுக்கப் போகிறீர்கள், எதை அறிவதற்காக? எஃப்டிஜி என்றும் பரவலைப் பார்க்க என்றும் பதில் வந்தால் சரி. எஃப்டிஜி என்றும் கல்லீரலில் புற்று இருக்கிறதா என்று பார்க்க என்றும் வந்தால், பல கட்ட எம்ஆர்ஐ எடுத்தாகிவிட்டதா என்று பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள். பழைய எம்ஆர்ஐ வேறு மருத்துவமனையில் எடுத்ததாக இருந்தால், அறிக்கைத் தாள் மட்டும் போதாது. படங்கள் உள்ள வட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.